ஓரம் மடித்தல்: ஒரு பேன்ட் வழியே நடந்த கணிதப் பாடம்

காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்து மாணவர்கள் வரிசையாக வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஏழாம் வகுப்பு வரிசையில் ஒருவனுடைய பேன்ட்டின் ஒரு கால் தரையில் இழுபட்டது. மற்றொரு கால் கணுக்காலுக்கு மேல் ஏறி நின்றது. "சீருடையை ஒழுங்காகப் போட்டுவரத் தெரியாதா?" என்று எல்லோர் முன்னிலையிலும் கேட்டுவிட்டேன். அவன் குனிந்து, இழுபட்ட காலை அவசரமாக உள்ளே செருகிக்கொண்டு ஓடினான்.

மதிய இடைவேளையில் அவனைக் குடிநீர்க் குழாய் அருகே பார்த்தேன். கணுக்காலில் கீறல், அதைக் கழுவிக்கொண்டிருந்தான். பேன்ட்டைத் திருப்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. உள்பக்கம் முழுவதும் ஸ்டேப்ளர் பின்கள். நீளமான காலை மடித்து ஸ்டேப்ளரால் அடித்திருக்கிறான். காலையில் வரும் வழியிலேயே நான்கைந்து பின்கள் கழன்று, வாய் திறந்த ஒன்று காலைக் கீறியிருக்கிறது.

"வீட்டில் யாரிடமாவது தைத்துத் தரச் சொல்லியிருக்கலாமே?"

"அம்மா கம்பெனியில இருந்து வர ராத்திரி ஆயிருமுங்க சார். அம்மாயிக்குக் கண் ஆபரேஷன் பண்ணியிருக்குதுங்க."

எங்கள் பள்ளி திருப்பூர் மாவட்டத்தில் இருக்கிறது. பெற்றோரில் பெரும்பாலானோர் பனியன் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போகிறவர்கள். அவனுடைய அம்மா டெய்லர். எங்கோ வெளிநாட்டில் யாரோ ஒரு குழந்தை போடப்போகும் சட்டைகளுக்கு நாள் முழுவதும் ஓரம் அடிக்கிறவர். அவர் பிள்ளையின் பேன்ட் ஓரத்தில் ஸ்டேப்ளர் பின். காலையில் நான் கேட்ட கேள்வி எவ்வளவு தவறானது என்பது அப்போதுதான் உறைத்தது. "ஏன் இப்படி?" என்று தனியே அழைத்துக் கேட்டிருந்தால் அரை நிமிடத்தில் விடை கிடைத்திருக்கும்.

நான் செய்த இரண்டாவது தவறு

குற்ற உணர்வில் உடனே ஏதாவது செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. அவனிடம் இருந்த பேன்ட்டுகளை எல்லாம் எடுத்துவரச் சொன்னேன். விலையில்லாச் சீருடை எல்லாப் பிள்ளைகளுக்கும் அளவாக அமைந்துவிடுவதில்லை. ஒவ்வொரு பிள்ளையின் உயரத்துக்கும் ஏற்ப நாம்தான் சரிசெய்துகொள்ள வேண்டும். அவனுக்கு 12 செ.மீ. நீளம் அதிகம். நான் கணிதப் பட்டதாரி ஆசிரியர். பித்தான் தைக்கத் தெரியும். ஓரம் மடிப்பதில் என்ன பெரிய வித்தை என்று நினைத்தேன். மடிப்புக்கு 5 செ.மீ. விட்டுவிட்டு, மீதி 7 செ.மீ. துணியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்தேன். முதலில் 1 செ.மீ., பிறகு 4 செ.மீ. மடித்துத் தைத்தேன். தையல் பாம்பு போல வளைந்தது. வெளியில் வெள்ளை நூல் பல்லிளித்தது. ஆனாலும் பேன்ட் தரையில் இழுபடவில்லை. அவன் சிரித்தான். நானும் திருப்தியடைந்தேன். வெட்டிய துண்டுகளைக் கரும்பலகை துடைக்க வைத்துக்கொண்டோம்.

ஜனவரியில் அவன் அடிக்கடி விடுப்பு எடுக்க ஆரம்பித்தான். பொங்கல் விடுமுறை முடிந்தும் நான்கு நாள் வரவில்லை. ஐந்தாம் நாள் அவனுடைய அம்மாயி கையைப் பிடித்து அழைத்துவந்தார். சேதி இதுதான்: பையன் மளமளவென்று வளர்ந்துவிட்டான். பேன்ட் கணுக்காலுக்கு மேலே ஏறிவிட்டது. வகுப்பில் "முக்கால் பேன்ட்" என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அதனால் பள்ளிக்கு வர மறுக்கிறான்.

அம்மாயி பேன்ட்டின் ஓரத்தைத் திருப்பிப் பார்த்தார். "ஆருங்க இதை வெட்டுனது?"

"நான்தானுங்கம்மா."

"வளர்ற புள்ளைங்க சார். துணிய வெட்டலாமுங்களா? மடிச்சுல்ல வைக்கோணும்."

வெட்டிய நாளில் நான் அளந்தது அன்றைய உயரத்தை மட்டும்தான். ஏழாம் வகுப்புப் பிள்ளையின் உயரம் ஜூன் மாதத்தில் நின்ற இடத்திலேயே ஏப்ரலிலும் நிற்காது. இந்த வயதில் ஓராண்டில் 5 செ.மீ.க்கு மேல் வளர்வது இயல்பு. சிலர் அதைவிடவும் அதிகமாக வளர்வார்கள். வளர்ச்சியைப் பற்றி வகுப்பில் பேசும் நானே அதைக் கணக்கில் எடுக்கவில்லை.

டஸ்டரில் இருந்து மீண்ட துணி

அம்மாயி சிறுவயதில் கம்பெனியில் கைமடித்தவர். அதாவது, டெய்லர் பக்கத்தில் உட்கார்ந்து துணியை மடித்து மடித்துக் கொடுப்பவர். பிறகு இருபது ஆண்டுகளுக்கு மேல் டெய்லராக இருந்தவர். கண் அறுவை சிகிச்சைக்குப் பிறகு இப்போது ஊசியில் நூல் கோக்கும் அளவுக்குப் பார்வை தெளிந்திருந்தது. "வெட்டுன துண்டு இருக்குதுங்களா?" என்று கேட்டார். கரும்பலகையின் கீழே சுண்ணப்பொடி அப்பிக் கிடந்த துண்டுகளைத் தேடி எடுத்தோம். இரண்டு பேன்ட்டுக்கான நான்கு துண்டுகள் தேறின. துவைத்துக் காயவைத்தோம்.

மறுநாள் ஆசிரியர் அறையில் அவர் செய்து காட்டியது இதுதான். முதலில் என் பழைய தையலைப் பிரித்து, மடிப்பில் இருந்த 5 செ.மீ. துணியையும் கீழே இறக்கினார். வெட்டிய துண்டு வளையம் போல இருந்தது. அதன் மேல் விளிம்பின் சுற்றளவும் பேன்ட் காலின் வெட்டிய விளிம்பின் சுற்றளவும் ஒன்றே. இரண்டின் வெளிப்பக்கமும் ஒன்றையொன்று பார்க்கும்படி வைத்து, விளிம்பிலிருந்து முக்கால் செ.மீ. உள்ளே சுற்றிலும் பின் தையல் போட்டார். பிறகு துண்டு முழுவதையும் பேன்ட்டின் உள்பக்கமாகத் திருப்பி, அதன் மறு விளிம்பை மறைதையலால் பொருத்தினார். இதை ஒட்டுப்பட்டி என்று சொல்லலாம். மடிப்புக்கான துணி முழுவதும் ஒட்டுப்பட்டியிலிருந்தே கிடைப்பதால், பேன்ட்டின் சொந்தத் துணி முழுவதும் நீளத்துக்குப் பயன்படுகிறது. 4 செ.மீ.க்குச் சற்றுக் கூடுதலாக நீளம் கிடைத்தது. பேன்ட் மீண்டும் கணுக்காலை மூடியது.

பழைய மடிப்பின் கோடு மட்டும் போகவில்லை. வினிகர் கலந்த தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியைக் கோட்டின் மேல் போட்டு இஸ்திரி செய்தால் கோடு மங்கும். சாயம் போகிறதா என்று முதலில் உள்பக்கத்தில் சோதித்துக்கொள்ள வேண்டும். நாங்கள் செய்தபோது பாதி மங்கியது. மறுநாள் அவன் வகுப்புக்கு வந்தான். பக்கத்தில் இருந்தவன் அந்தக் கோட்டைக் காட்டி ஏதோ கேட்டான். "ஜூன்ல நான் இவ்வளவுதான்டா" என்று சொல்லிவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான். அதன் பிறகு பட்டப்பெயர் என் காதில் விழவில்லை.

வகுப்பறைக்கு வந்த ஊசி

கைத்தொழிலை நடுவில் வைத்துக் கல்வி தர வேண்டும் என்ற கருத்து நமக்குப் புதிதன்று. 1937இல் வார்தாவில் நடந்த கல்வி மாநாட்டில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வியின் அடிப்படை அதுதான். பி.எட். தேர்வில் அதைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதியவன் நான். வகுப்பில் செய்து பார்த்தது இதுதான் முதல் முறை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் திட்டத்தைச் சொன்னேன். "பசங்களுக்கு எதுக்குங்க சார் தையல்?" என்று ஒரு தந்தை கேட்டார். நான் பதில் சொல்லும் முன்பே இன்னொரு தந்தை, "நம்மூரு கம்பெனியில பாதி டெய்லர் ஆம்பளைங்கதானுங்களே" என்றார். தலைமையாசிரியர் ஒப்புதல் தந்தார். பிப்ரவரியில் மூன்று பாடவேளைகளில் நடத்தினோம். அம்மாயி சிறப்பு ஆசிரியராக வந்தார். பிள்ளைகளும் அவரை அம்மாயி என்றே அழைத்தார்கள்.

தேவையான பொருள்கள் எல்லாம் எளிதில் கிடைப்பவையே: பழைய வேட்டித் துணி, கை ஊசி, துணியின் நிறத்துக்கேற்ற நூல், வேறு நிற நூல் ஒன்று, அளவுகோல், இஞ்ச் டேப், சுண்ணக்கட்டி, பழைய அட்டை, குண்டூசி.

துணி பற்றி ஒரு குறிப்பு. எங்கள் ஊரில் கட்டிங் வேஸ்ட் எளிதில் கிடைக்கும் என்பதால் பிள்ளைகள் முதலில் பனியன் துணியைத்தான் கொண்டுவந்தார்கள். வெட்டிய இடத்தில் அது சுருண்டு கொண்டது, இழுத்தால் நீண்டது. பனியன் துணி கண்ணிகளால் பின்னப்படுவது. அதனால்தான் கம்பெனியில் இழுத்தாலும் அறாத பிளாட்லாக் தையல் போடுகிறார்கள். வேட்டித் துணி பாவும் ஊடையும் குறுக்கும் நெடுக்குமாக நெய்யப்பட்டது. மடித்தால் மடிந்த இடத்தில் நிற்கும். ஆனால் விளிம்பில் நூல் பிரியும். அந்த விளிம்பை உள்ளே மறைப்பதற்காகவே இரண்டு முறை மடிக்கிறோம். "ஏன் இரண்டு மடிப்பு?" என்ற கேள்விக்கு விடை துணியிலேயே இருக்கிறது.

பாதுகாப்பு முக்கியம். ஊசிகளை ஒரு துணிப்பட்டையில் எண்ணிட்டுக் குத்திவைத்தோம். எந்த எண்ணோ அந்த மாணவருக்கு அந்த ஊசி. பாடவேளை முடிந்ததும் எண்ணிப் பார்த்த பிறகே மணி அடித்தோம். விழுந்த ஊசியைத் தேட அறிவியல் ஆய்வகத்துக் காந்தம் உதவியது. வாயில் ஊசியையோ குண்டூசியையோ கடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்பது முதல் விதி.

முதல் பாடவேளை: அளத்தலும் மடித்தலும்

கைக்குட்டையில் தொடங்கினோம். கரும்பலகையில் ஒரு கேள்வி எழுதினேன்: "தைத்து முடித்த கைக்குட்டை 30 செ.மீ. பக்கமுள்ள சதுரமாக இருக்க வேண்டும். ஓரத்தை முதலில் அரை செ.மீ., பிறகு ஒன்றரை செ.மீ. மடிக்கப் போகிறோம். எவ்வளவு துணி வெட்ட வேண்டும்?"

பெரும்பாலானோர் 32 என்றார்கள். நான் திருத்தவில்லை. ஒரு குழுவை 32 செ.மீ. சதுரமாகக் காகிதம் வெட்டி மடித்துப் பார்க்கச் சொன்னேன். 28 செ.மீ.தான் வந்தது. "சார், ரெண்டு பக்கமும் மடியுதுங்க!" என்று ஒரு மாணவி கத்தினாள். ஒரு பக்கத்துக்கு 2 செ.மீ., இரு பக்கத்துக்கு 4 செ.மீ., ஆக 34 செ.மீ. காகிதத்தில் தவறு செய்தால் இன்னொரு காகிதம் எடுக்கலாம், துணியில் முடியாது. அதனால் துணிக்கு முன் காகிதம் என்பதை வழக்கமாக்கிக்கொண்டோம். மூலைகளில் துணி தடித்துவிடாமல் இருக்க, மூலையை முதலில் 45 பாகையில் உள்ளே மடித்துவிட்டுப் பிறகு பக்கங்களை மடித்தோம்.

அம்மாயி அளவை விரலில் சொல்வார். "நாலு விரல் மடி" என்றார். எல்லோரும் மடித்தார்கள், ஒவ்வொருவர் மடிப்பும் ஒவ்வோர் அளவு. அம்மாயியின் நான்கு விரல் 7 செ.மீ., பிள்ளைகளுக்கு 5 முதல் 6 செ.மீ. திட்ட அலகு ஏன் தேவை என்பதற்கு இதைவிட நல்ல அறிமுகம் எனக்குக் கிடைத்ததில்லை.

மடிப்பு சீராக வர அட்டைதான் கருவி. பழைய நோட்டின் அட்டையை நீளப் பட்டையாக வெட்டி, அதில் விளிம்புக்கு இணையாகத் தேவையான அளவில் ஒரு கோடு போட வேண்டும். அட்டையைத் துணி மேல் வைத்து, துணியின் விளிம்பு கோட்டைத் தொடும் வரை மடித்து அழுத்தினால், எத்தனை முறை மடித்தாலும் ஒரே அகலம் வரும்.

அடுத்தது அழுத்துதல். நான் முன்பு செய்யாமல் விட்டது இதைத்தான். மடித்தவுடன் இஸ்திரி போட்டுவிட்டால் மடிப்பு கைக்கு அடங்கும், தையல் வளையாது. பெட்டியைத் துணி மேல் தேய்த்து இழுக்கக் கூடாது. இழுத்தால் விளிம்பு நீண்டுவிடும். வைத்து, அழுத்தி, எடுத்து, அடுத்த இடத்தில் வைக்க வேண்டும். பள்ளியில் இஸ்திரிப் பெட்டி இல்லாவிட்டாலும் கவலையில்லை. கட்டைவிரல் நகத்தால் அழுத்திக் கீறிவிட்டு, பாயின் அடியில் ஓர் இரவு வைத்தால் மடிப்பு நின்றுவிடும். எங்கள் பிள்ளைகள் கைக்குட்டைகளை அப்படித்தான் செய்துகொண்டு வந்தார்கள். "தைக்கிறது அப்புறமுங்க. மடிப்புச் சரியா இருந்தா ஊசி தானாப் போகும்" என்பார் அம்மாயி.

இரண்டாம் பாடவேளை: தையல்

மடிப்பு கலையாமல் இருக்க முதலில் தற்காலிகத் தையல். வேறு நிற நூலில், 2 செ.மீ. இடைவெளியில் ஓட்டுத் தையல் போட்டால் போதும். கடைசியில் உருவி எடுக்க எளிதாக இருக்கும்.

பிறகு நிலையான தையல். இதில் பிள்ளைகள் செய்யும் தவறுகளும் தீர்வுகளும் இவை:

நூல் சிக்குகிறது. சீக்கிரம் முடிய வேண்டும் என்று மிக நீளமாக நூல் எடுப்பதே காரணம். முழங்கையிலிருந்து விரல் நுனி வரை, ஒரு முழம் போதும். ஒற்றை நூல்தான் கோக்க வேண்டும்.

முடிச்சு வெளியே தெரிகிறது. ஊசியை மடிப்பின் உள்ளிருந்து தொடங்கினால் முடிச்சு உள்ளேயே தங்கிவிடும்.

வெளிப்பக்கம் தையல் பெரிதாகத் தெரிகிறது. வெளித்துணியில் ஊசி ஒன்றோ இரண்டோ இழைகளை மட்டும் தொட்டு எடுக்க வேண்டும். உடனே மடிப்பின் விளிம்புக்குள் நுழைந்து அரை செ.மீ. தள்ளி வெளிவர வேண்டும். ஐந்து தையலுக்கு ஒருமுறை துணியைத் திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். வெளியே சிறு புள்ளிகள் மட்டும் தெரிந்தால் சரி.

ஓரம் சுருங்குகிறது. நூலை இறுக்கி இழுப்பதே காரணம். நூல் துணி மேல் படுத்திருக்க வேண்டும். துணியை இழுத்துப் பிடிக்கக் கூடாது.

ஓர் இடத்தில் அறுந்தால் முழுவதும் பிரிகிறது. பேன்ட்டை மாட்டும்போது கால் விரல் மடிப்பில் மாட்டி இழுப்பது எல்லா வீட்டிலும் நடப்பது. அதனால் 10 செ.மீ.க்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரண்டு பின் தையல் போட்டுவிட வேண்டும். எங்கு அறுந்தாலும் அந்த 10 செ.மீ.க்குள் நின்றுவிடும்.

இடையில் ஒரு மதிப்பிடும் கணக்கு. "பேன்ட் காலின் சுற்றளவு 38 செ.மீ. அரை செ.மீ.க்கு ஒரு தையல். இரண்டு காலுக்கும் எத்தனை தையல்?" பிள்ளைகள் முதலில் ஊகித்த எண்கள் இருபதும் முப்பதும். விடை 152. "எங்கம்மா ஒரு நாளைக்கு எத்தனை பீஸ் அடிப்பாங்க, அப்ப எவ்வளவு தையலுங்க சார்!" என்று ஒருத்தி வியந்தாள். அன்று வீட்டுப்பாடம் கொடுக்கவில்லை. ஆனால் பல பிள்ளைகள் வீட்டில் கேட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். அம்மாவின் வேலையில் உள்ள கணக்கை முதல் முறையாக உட்கார்ந்து கேட்டிருக்கிறார்கள்.

மூன்றாம் பாடவேளை: வளைந்த ஓரம்

ஒரு மாணவி, அம்மா வீட்டிலேயே தைத்த அம்பர்லா பிராக்கைக் கொண்டுவந்தாள். ஓரம் அலை அலையாக நின்றது. ஏன் என்று கேட்டாள். விடை வட்டத்தின் சுற்றளவில் இருக்கிறது.

பிராக்கின் கீழ் விளிம்பு ஒரு வட்டம். அதன் ஆரம் 40 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 2 செ.மீ. மேலே மடிக்கிறோம். அப்போது மடிக்கும் கோட்டின் ஆரம் 38 செ.மீ.; விளிம்பு போய் உட்காரும் இடத்தின் ஆரம் 36 செ.மீ. விளிம்பின் நீளம் 2 × 3.14 × 40 = 251.2 செ.மீ. அது உட்கார வேண்டிய இடத்தின் நீளம் 2 × 3.14 × 36 = 226.08 செ.மீ. ஆக 25.12 செ.மீ. துணி மிஞ்சுகிறது. மிஞ்சிய துணிதான் அலையாக நிற்கிறது.

"பெரிய பிராக்காக இருந்தால்?" என்று கேட்டேன். அதிகம் மிஞ்சும் என்றார்கள். ஆரம் 60 செ.மீ. என வைத்துக் கணக்கிட்டார்கள். 376.8இலிருந்து 351.68ஐக் கழித்தால் அதே 25.12. வகுப்பு திகைத்தது. சிலர் மீண்டும் கணக்கிட்டார்கள். ஆரம் எதுவானாலும் மிஞ்சும் துணி மடிப்பின் அகலத்தை மட்டுமே பொறுத்தது என்று எட்டாம் வகுப்புக்கு இயற்கணிதமாகவே நிறுவிக் காட்டலாம். மடிப்பை அரை செ.மீ. ஆக்கினால் மிஞ்சுவது 6.28 செ.மீ. மட்டும். அதனால்தான் அனுபவமுள்ள டெய்லர்கள் அம்பர்லா ஓரத்தை மிகக் குறுகலாக மடிக்கிறார்கள்.

மிஞ்சும் அந்தச் சிறு அளவையும் அடக்க ஒரு வழி உண்டு. விளிம்பை ஒட்டி ஓட்டுத் தையல் போட்டு, நூலை இலேசாக இழுத்துத் துணியைச் சுற்றிலும் பரவலாகச் சுருக்கி, இஸ்திரி போட்டு, பிறகு தைக்க வேண்டும். இன்னொன்று: இத்தகைய ஆடையைத் தைத்தவுடன் ஓரம் மடிக்கக் கூடாது. ஒரு நாள் கொடியில் தொங்கவிட்டால் கிராஸாக வரும் பகுதிகள் தம் எடையால் கீழிறங்கும். இறங்கி முடிந்த பிறகே அளவு குறிக்க வேண்டும்.

குறிக்கும்போது இடுப்பிலிருந்து கீழே அளக்காமல், தரையிலிருந்து மேலே அளக்க வேண்டும். அணிபவர் நிமிர்ந்து நிற்க, மரஅளவுகோலைத் தரையில் செங்குத்தாக நிறுத்தி, சுற்றிலும் ஒரே உயரத்தில் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தால் ஓரம் தரைக்கு இணையாக வரும். பாவாடைக்கும் இதே முறைதான். பேன்ட் என்றால் வழக்கமாகப் போடும் செருப்பைப் போட்டுக்கொண்டு நிற்க வேண்டும். அணிபவரே குனிந்து குறித்தால் அளவு மாறிவிடும். வேறொருவர்தான் குறிக்க வேண்டும். இரண்டு காலையும் தனித்தனியே குறிப்பது நல்லது. புதுத் துணியாக இருந்தால் முதலில் நனைத்துக் காயவைத்துவிட வேண்டும். பருத்தி முதல் துவைப்பில் சுருங்கும்.

வளரும் பிள்ளைக்கான மடிப்பு

இனி, இந்தப் பாடம் முழுவதற்கும் காரணமான அந்த 12 செ.மீ. வெட்டாமல் என்ன செய்திருக்க வேண்டும்? அம்மாயி சொன்ன வழி மிக எளிது. 12ஐ இரண்டாகப் பிரித்து, 6 செ.மீ. ஒருமுறை, இன்னொரு 6 செ.மீ. ஒருமுறை மடித்துத் தைத்தால் போதும். இரு மடிப்பும் சம அகலமாக இருப்பதால் தடிமன் எங்கும் ஒன்றாக இருக்கும். நடுவில் மேடு தெரியாது. சீருடைப் பேன்ட் கால் நேராக இறங்கினால் இது சுலபம். கீழே குறுகும் காலாக இருந்தால், குறுகலான பகுதி அகலமான பகுதிக்குள் போய்ப் பொருந்தாமல் இழுக்கும். மடிப்புக்குள் போகும் பகுதியில் மட்டும் பக்க மூட்டைப் பிரித்துவிட்டால் படிந்துவிடும்.

பிள்ளை வளர்ந்ததும் தையலைப் பிரித்து 4 செ.மீ., 4 செ.மீ. என மடிக்கலாம். பிறகு 2 செ.மீ., 2 செ.மீ. "ஒவ்வொரு மடிப்பிலும் 2 செ.மீ. குறைத்தால் நீளம் எவ்வளவு கூடும்?" என்று கேட்டேன். இந்த முறை வகுப்பு ஏமாறவில்லை. "நாலுங்க சார், ரெண்டு மடிப்பு இருக்குதில்ல!"

மதிப்பீடு

தேர்வுத்தாள் வைக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் வேலையைத் தாமே ஐந்து கேள்விகளால் சோதித்துக்கொண்டார்கள். மடிப்பின் அகலம் நான்கு இடங்களில் அளந்தால் ஒன்றாக வருகிறதா? வெளிப்பக்கம் புள்ளிகள் மட்டும் தெரிகின்றனவா? விளிம்பின் நூல் எங்கும் வெளியே நீட்டவில்லையா? மேசை மேல் வைத்தால் ஓரம் தட்டையாகப் படிகிறதா? இலேசாக இழுத்தால் தையல் தாங்குகிறதா? பிறகு பக்கத்தில் உள்ளவரின் வேலையைச் சோதித்தார்கள். சரியில்லாத இடத்தைப் பிரித்து மீண்டும் தைக்கலாம். பிரிப்பதற்கு மதிப்பெண் குறைப்பு இல்லை. எழுத்துக் கணக்கில் பின்தங்கும் சில பிள்ளைகளின் ஓரம்தான் வகுப்பிலேயே நேராக இருந்தது. அவர்களுக்கு அளக்கத் தெரியாது என்று அதுவரை நான் நினைத்திருந்தேன்.

இந்த ஜூனில்

புதிய சீருடை வந்த வாரத்தில் ஒரு மாலை நேரத்தை ஓரம் மடிப்பதற்கென்றே ஒதுக்கினோம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அளவு குறித்தார்கள். அந்த மாணவன் மரஅளவுகோலைப் பிடித்துக்கொண்டு மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். "நேரா நில்லுடா, குனியாத" என்று அதட்டிக்கொண்டிருந்தான். ஒரு சின்னப் பையன், "மிச்சத் துணிய வெட்டிரலாமுங்களா அண்ணா?" என்று கேட்டான். இவன் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, "வேண்டாம், உள்ள மடிச்சு வைக்கலாம்" என்றான்.

ஆசிரிய நண்பர்கள் தங்கள் பள்ளியில் இதைச் செய்துபார்க்கலாம். ஊர்தோறும் ஓர் அம்மாயியோ, ஓர் அக்காவோ, தையற்கடை அண்ணனோ நிச்சயம் இருப்பார்கள். கூப்பிட்டால் மகிழ்ச்சியோடு வருவார்கள். தையல் பயிற்சி பெற்ற பகுதிநேர ஆசிரியர் உள்ள பள்ளிகளில் இன்னும் எளிது. மேலும், வழிபாட்டுக் கூட்டத்தில் கசங்கிய சட்டையோ இழுபடும் பேன்ட்டோ கண்ணில் பட்டால், முதலில் தனியே அழைத்துக் கேளுங்கள். என் மேசை இழுப்பறையில் இப்போது ஊசியும் நூலும் ஒரு டப்பாவில் இருக்கின்றன. பிள்ளைகளுக்கு அது தெரியும். தேவைப்படும்போது வந்து கேட்கிறார்கள்.